மூச்சு விடுகிற இடமெல்லாம் கமா போடுகிற இடமல்ல

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்கென்று டைப் அடிக்கப்படும் ஆங்கில மனு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே "டூ" என்று போட்டு, அதன் பக்கத்தில் ஒரு கமா. அடுத்து "சப்" என்று எழுதி ஒரு கோலன், கோலனை ஒட்டி ஒரு கோடு. தொகை வந்தால் "ரூ.500/-". கையெழுத்துக்குக் கீழே "எம்.ஏ.,பி.எட்.," என்று பட்டங்கள், கடைசிப் பட்டத்துக்குப் பிறகும் ஒரு கமா, இன்னும் ஏதோ வரப்போகிறது என்கிற மாதிரி. ஸ்பெல்லிங் சரியாக இருக்கும், அதை இப்போது கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. இலக்கணமும் பெரும்பாலும் தேறிவிடும். குறிகள் மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு நிற்கும்.

இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் தப்புகளைக் கூர்ந்து பார்த்தால் அவற்றுக்குள் ஒரு ஒழுங்கு தெரியும். ஆங்கிலத்தில் குறிகள் செய்கிற வேலையில் பாதியைத் தமிழில் சொல்லின் வாலே செய்து முடித்துவிடுகிறது. "வில்லியனூரிலும் பாகூரிலும் திருக்கனூரிலும் மழை" என்றால் ஒரு கமாகூட வேண்டாம், 'உம்' இருக்கிறது. "வந்தாரா" என்றால் கேள்விக்குறி விட்டுப்போனாலும் அது கேள்விதான். "நாளைக்கு வருகிறேன் என்றார்" என்பதில் பேச்சு எந்த இடத்தில் முடிந்தது என்பதை 'என்றார்' காட்டிக்கொடுத்துவிடும். ஓலைச்சுவடிகளில் இன்றைய கமாவும் கேள்விக்குறியும் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளிகூடக் கிடையாது. அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில்தான் தமிழ் உரைநடையில் இவை ஊன்றின. அதை முறையாகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று ஆறுமுக நாவலரைச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து நல்லூர்க்காரர், 1864இல் நம் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். ஆக, தமிழுக்கு இந்தக் குறிகள் பிற்பாடு வந்து சேர்ந்த வசதி. ஆங்கிலத்தில் குறி இடம் மாறினால் பொருளே மாறும். நம் கை அந்த வேலையை வாலுக்கு விட்டுப் பழகிய கை என்பதால், ஆங்கிலம் எழுதும்போது குறியை அலங்காரம் போலத் தூவிவிட்டுப் போகிறது.

முதலில் மூச்சுக் கணக்கு. கால், அரை, முக்கால், முற்று என்று குறிகளுக்கு வைத்திருக்கும் தமிழ்ப் பெயர்களே நிறுத்தும் நேரத்தின் அளவு போலத்தான் இருக்கின்றன. சத்தமாக வாசிக்க அது உதவும். ஆங்கிலம் எழுதும்போது அதை நம்பினால் இப்படி வரும்: "தி ஸ்டூடன்ட்ஸ் ஃப்ரம் நெய்வேலி அண்ட் பண்ருட்டி, ஹாவ் நாட் ரிசீவ்ட் தேர் மார்க் ஷீட்ஸ்." எழுவாய் நீளமாக இருக்கிறது, 'பண்ருட்டி' வந்ததும் மூச்சு வாங்குகிறது, கமா விழுகிறது. தமிழில் நீண்ட எழுவாய்க்குப் பின் கமா போட்டால் யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் எழுவாயையும் வினையையும் ஒற்றைக் கமாவால் பிரிப்பது தப்பு. எழுவாய் நான்கு வரி நீண்டாலும் தப்பு. சோதனை எளிது. வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள், "யார்?" அல்லது "எது?" என்று கேளுங்கள், விடையின் கடைசிச் சொல்லுக்கும் வினைக்கும் நடுவில் ஒரே ஒரு கமா நின்றால் அதை எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு கமா என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நடுவில் இடைச்செருகலாக ஒன்று வந்தால் அதற்கு இரண்டு பக்கமும் கமா வேண்டும். "தி பிரின்சிபால், ஹூ ஜாயின்ட் இன் ஜூன், ஹாஸ் சைன்ட் தி ஃபார்ம்." இங்கே இரண்டாவது கமாவை மறப்பதுதான் மனுக்களில் அதிகம் கண்ணில் படும் பிழை. போட்டால் ஜோடியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

மூச்சு வாங்காத இடத்திலும் கமா கட்டாயமாகும். "வைல் வி வேர் ஈட்டிங் தி கேட் கேம் இன்." வேகமாகப் படித்தால் பூனையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கணம் தோன்றும். 'ஈட்டிங்' என்பதற்குப் பின் கமா வந்தால் பூனை பிழைக்கும். தமிழில் "நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பூனை வந்தது" என்பதில் 'போது' வேலியடைத்துவிடுகிறது, 'பூனையை' என்று இரண்டாம் வேற்றுமை இல்லாததால் குழப்பத்துக்கே இடமில்லை. ஒருவரை விளித்து எழுதும்போதும் அதே கதைதான். "தெரியாது மேடம்" என்பதில் நமக்கு எந்தச் சிக்கலும் இல்லை. "ஐ டோன்ட் நோ மேடம்" என்று கமா இல்லாமல் எழுதினால், அந்த மேடத்தை எனக்குத் தெரியாது என்றாகிவிடும். 'நோ' என்பதற்குப் பின் கமா. ஆபீஸ் வாட்ஸ்அப்பில் தினமும் பறிபோகிற கமா இது.

அடுத்தது, கமாவை வைத்து இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டுவது. "ஐ வென்ட் டு தி பேங்க், தி மேனேஜர் வாஸ் நாட் தேர், ஐ கேம் பேக்." இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? "பேங்குக்குப் போய், மேனேஜர் இல்லாததால், திரும்பி வந்தேன்." போய், இல்லாததால் என்ற எச்சங்கள் சங்கிலியாகக் கோத்துத் தருகின்றன, முற்றுவினை கடைசியில் ஒன்றுதான். ஆங்கிலத்துக்குப் போகும்போது எச்சம் ஒவ்வொன்றும் முற்றாக மாறிவிடுகிறது, கமா மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைத் தாங்கும் பலம் ஆங்கிலக் கமாவுக்குக் கிடையாது. கமாவின் இடப்பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு வலப்பக்கத்தைப் படியுங்கள், பிறகு வலத்தை மறைத்து இடத்தைப் படியுங்கள். இரண்டும் தனித்தனியே முழு வாக்கியமாக நின்றால் வழிகள் நான்கு: ஃபுல்ஸ்டாப் போடலாம், செமிகோலன் போடலாம், கமாவை வைத்துக்கொண்டு 'அண்ட்', 'பட்', 'ஸோ' போன்ற ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது ஒரு பக்கத்தை 'பிகாஸ்', 'வென்' போட்டுச் சார்பு வாக்கியமாக்கலாம். மனு எழுதுகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு ஃபுல்ஸ்டாப். குட்டி வாக்கியம் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

'ஹவெவர்', 'தேர்ஃபோர்' இரண்டிடமும் கவனம் வேண்டும். இவை 'பட்', 'ஸோ' மாதிரி ஒலித்தாலும் வாக்கியங்களை இணைக்கும் உரிமை இல்லாதவை. "தி ஃபீ வாஸ் பெய்ட், ஹவெவர் நோ ரிசீட் வாஸ் கிவன்" என்பது பிழை. 'பெய்ட்' என்பதற்குப் பின் செமிகோலன், 'ஹவெவர்' என்பதற்குப் பின் கமா.

இதுவரை சொன்னதெல்லாம் பழகினால் வந்துவிடும். நமக்கு உண்மையிலேயே கடினமான கமா வேறொன்று. தமிழில் அதற்கு ஈடாக எதுவும் இல்லாததால், தப்பு நடந்தது நமக்கே தெரியாது. புதுச்சேரியில் விசா கடிதம் எழுதும் வீடுகளில் அடிக்கடி வரும் வாக்கியத்தையே பார்ப்போம். "பாரிசில் இருக்கும் என் மகன் செலவை ஏற்றுக்கொள்வான்." இந்தத் தமிழ் வாக்கியம் எழுதியவருக்கு எத்தனை மகன்கள்? சொல்ல முடியாது. ஒரே மகன், அவன் பாரிசில் இருக்கிறான் என்றும் கொள்ளலாம். மூன்று மகன்களில் பாரிசில் இருப்பவன் என்றும் கொள்ளலாம். 'இருக்கும்' என்ற பெயரெச்சம் இரண்டுக்கும் பொது. ஆங்கிலம் இந்த இடத்தில் பிடிவாதமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். "மை சன் ஹூ லிவ்ஸ் இன் பாரிஸ் வில் பே" என்று கமா இல்லாமல் எழுதினால், பல மகன்களில் பாரிஸ் மகன் என்று பொருள். "மை சன், ஹூ லிவ்ஸ் இன் பாரிஸ், வில் பே" என்று ஜோடிக் கமாவோடு எழுதினால், ஒரே மகன். பாரிசில் இருப்பது கூடுதல் தகவல்.

கடிதத்தோடு வைக்கும் குடும்ப விவரத்தில் மூன்று மகன்கள் இருந்து, கடிதத்தில் இந்தக் கமா ஜோடி நின்றால், உன்னிப்பாகப் படிக்கிற அதிகாரிக்கு இரண்டும் ஒத்துவராது. விசா அதனால் நின்றுபோகும் என்று பயமுறுத்த வரவில்லை. தெளிவாக எழுத வழி இருக்கும்போது ஏன் சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டும்? செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்த நடுப்பகுதியைத் தூக்கிவிட்டுப் படியுங்கள். யாரை, எதைச் சொல்கிறோம் என்பது அப்போதும் தெளிவாக இருந்தால் கமா போடுங்கள். "எந்த மகன்?" என்ற கேள்வி எழுந்தால் போடாதீர்கள். பெயருக்கும் இதே விதி. "மை வைஃப், லட்சுமி, இஸ் டிராவலிங் வித் மீ" என்பதில் மனைவி ஒருவர்தான் என்பதால் இரு பக்கமும் கமா. "மை ஃப்ரெண்ட் குமார்" என்பதில் கமா இல்லை, நண்பர்கள் பலர் இருப்பார்கள். மனைவி பெயருக்குக் கமாவை விட்டால் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள், நடைமுறையில் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் விதி அதுதான்.

கமாவுக்காக வழக்குத் தொடுத்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவில் ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம், அலையன்ட் என்ற தொலைபேசி நிறுவனத்தின் கம்பங்களில் தன் கம்பிகளைக் கட்டிக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருந்தது. அதில் ஒரு நீண்ட வாக்கியம். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு நடக்கும் என்பது முதல் பகுதி. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீடிக்கும் என்பது இரண்டாவது. ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து யாரேனும் ரத்து செய்தாலொழிய என்பது மூன்றாவது. இரண்டாவது பகுதி முடிந்ததும் ஒரு கமா. ரத்து செய்யும் உரிமை நீட்டிப்புக் காலத்துக்கு மட்டும்தான், முதல் ஐந்து ஆண்டு கெட்டி என்றது ரோஜர்ஸ். அந்தக் கமா இருப்பதால் ரத்து உரிமை முதல் ஐந்து ஆண்டுகளையும் தழுவும் என்றது அலையன்ட். 2006இல் கனடாவின் ஒழுங்குமுறை ஆணையம் கமா பக்கம் நின்று அலையன்ட் சொன்னதை ஏற்றது. ரோஜர்ஸ் அதே ஆணையத்திடம் மறுபரிசீலனை கேட்டது. அந்த ஒப்பந்த மாதிரிக்கு ஒரு பிரெஞ்சு வடிவமும் இருந்தது. அதில் குழப்பமே இல்லை, ரத்து உரிமை நீட்டிப்புக் காலத்துக்குத்தான் என்று தெளிவாக இருந்தது. 2007இல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆங்கிலக் கமா கிளப்பிய சண்டையைப் பிரெஞ்சு வாக்கியம் தீர்த்துவைத்தது என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும்.

நம் உச்ச நீதிமன்றம் 1952இலேயே, அஷ்வினி குமார் கோஷ் வழக்கில், சட்டத்துக்குப் பொருள் கொள்வதில் நிறுத்தக்குறி சிறிய அம்சம்தான் என்று சொல்லிவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தம் எழுதுகிறவர் அந்தத் தைரியத்தில் எழுதக் கூடாது. நீளமான நிபந்தனையை இரண்டு வாக்கியமாக உடைத்துவிட்டால் கமாவை நம்பி இருக்க வேண்டியதில்லை.

பட்டியல் கமாவுக்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. மெய்ன் மாநிலத்தில், கெட்டுப்போகும் உணவுப் பொருள்கள் தொடர்பான சில வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று ஒரு சட்டம். வேலைகளின் பட்டியல் கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று முடியும். 'ஷிப்மென்ட்' என்பதற்குப் பின் கமா இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் டிரைவர்கள், "விலக்கு பேக்கிங் செய்கிறவர்களுக்குத்தான்; நாங்கள் விநியோகிக்கிறோம், பேக் செய்வதில்லை" என்றார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சட்டமன்றம் அந்தப் பட்டியலைச் செமிகோலன் போட்டுத் திருத்தியது. தமிழில் இதை மயங்க வைத்து எழுதுவதே கஷ்டம். "அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொட்டலம் கட்டுதல்" என்றால் ஒரு வேலை. "பொட்டலம் கட்டுதல் அல்லது விநியோகித்தல்" என்றால் இரண்டு. வால்தான் சொல்லிவிடுகிறதே.

கடைசி 'அண்ட்' என்பதற்கு முன் கமா வேண்டுமா என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் போடுவதில்லை, அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் போடுவார்கள். எதுவானாலும் ஒரு ஆவணம் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். ஒப்பந்தம், உயில், டெண்டர் என்றால் போட்டுவிடுவது நல்லது. பட்டியலின் உறுப்புக்குள்ளேயே கமா இருந்தால் செமிகோலனுக்கு மாறுங்கள். "காரைக்கால், ஆன் தி தமிழ்நாடு கோஸ்ட்; மாஹே, ஆன் தி கேரளா கோஸ்ட்; அண்ட் ஏனாம், நியர் காக்கிநாடா" என்று எழுதினால் மூன்று ஊர். எல்லாவற்றுக்கும் கமா போட்டால் ஆறு இடம் போலத் தெரியும்.

அபாஸ்ட்ரஃபிக்கு, அதாவது எழுத்தின் தலைப்பக்கம் தொங்கும் ஒற்றைக் குறிக்கு வருவோம். தமிழில் 'உடைய' என்றோ 'இன்' என்றோ வால் ஒட்டுகிற இடம். உரியவர் யார் என்பதை முதலில் முழுச் சொல்லாக எழுதுங்கள், ஒருமையா பன்மையா என்று பாருங்கள், அந்தச் சொல் முடிந்த இடத்தில் அபாஸ்ட்ரஃபி வையுங்கள். சொல் பன்மை எஸ்ஸில் முடிந்தால் அதோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு எஸ் சேருங்கள். ஒரு பையனுடையது என்றால் "பாய்'ஸ்". பையன்களின் விடுதி என்றால் 'பாய்ஸ்' முழுதாக எழுதியானதும் கடைசியில் குறி. 'சில்ட்ரன்' ஏற்கெனவே பன்மை, எஸ் இல்லாதது; அதனால் "சில்ட்ரன்'ஸ்". பயோடேட்டாவில் பலர் கோட்டை விடுவது அனுபவக் கணக்கு. ஓராண்டு என்றால் எஸ்ஸுக்கு முன்னால் குறி. இரண்டாண்டு, மூன்றாண்டு என்றால் 'இயர்ஸ்' என்பதன் எஸ்ஸுக்குப் பின்னால். அந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் நடுவில் 'ஆஃப்' போட்டுவிடுங்கள், குறி தேவைப்படாது.

வெறும் பன்மைக்கு அபாஸ்ட்ரஃபி கிடையாது. எம்எல்ஏக்கள், சிடிக்கள், 1990கள் எதற்கும் வேண்டாம். புதுச்சேரி நேரு வீதிக் கடைப்பலகை முதல் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) ஜூஸ் கடை வரை இந்தக் குறி இலவசமாகக் கிடைக்கிறது. "இட்'ஸ்" என்பது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்பதன் சுருக்கம் மட்டுமே. அதனுடைய என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' குறியில்லாதது, 'ஹிஸ்', 'ஹெர்' போல. சந்தேகம் வந்தால் 'இட் இஸ்' என்று விரித்துப் படியுங்கள். வாக்கியம் இடறினால் குறியை எடுங்கள்.

கேள்விக்குறியில் நம் தனித்தப்பு ஒன்றுதான். "ஐ வுட் லைக் டு நோ வென் தி சர்ட்டிஃபிகேட் வில் பி இஷ்யூட்?" என்று மனு முடியும். உள்ளே 'எப்போது' இருப்பதால் கேள்விக்குறி வந்துவிடுகிறது. ஆனால் வாக்கியம் "தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்ற அறிவிப்பு. ஃபுல்ஸ்டாப் போதும்.

மேற்கோள்குறியை அழுத்தத்துக்குப் போடாதீர்கள். பலகையில் "ஃப்ரெஷ்" என்ற சொல்லுக்கு மட்டும் மேற்கோள்குறி போட்டால், ஆங்கிலம் பழகிய கண்ணுக்கு மீன் பழசு என்று கடைக்காரரே கண்ணடிப்பதாகத் தோன்றும். உண்மையான மேற்கோள் என்றால், நம் 'என்று' வேலையை முன்னால் வரும் கமா செய்கிறது: "ஹி செட்," என்று எழுதிக் கமா போட்டு, பிறகு குறியைத் திறக்க வேண்டும். 'தட்' போட்டுப் பேச்சை மாற்றிச் சொன்னால் கமாவும் வேண்டாம், மேற்கோள்குறியும் வேண்டாம். முடிவில் ஃபுல்ஸ்டாப் குறிக்கு உள்ளேயா வெளியேயா? அமெரிக்கர்கள் கமாவையும் ஃபுல்ஸ்டாப்பையும் எப்போதும் உள்ளே வைப்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் மேற்கோளுக்கு உரியதாக இருந்தால் உள்ளே, மொத்த வாக்கியத்துக்கு உரியதாக இருந்தால் வெளியே.

இனி நம் பக்கத்துக்கே உரிய சங்கதிகள். கடலூரில் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690இல் வாங்கியது. 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வடக்கே போனால் புதுச்சேரி, அங்கே 1954 வரை பிரெஞ்சு நிர்வாகம். இரண்டு ஊர் காகிதங்களிலும் வெவ்வேறு பழைய தடங்கள் தெரியும்.

"500/-" ஆங்கிலத் தடம். இங்கிலாந்தில் 5 ஷில்லிங் என்பதைச் சாய்கோடு போட்டு எழுதி, பென்னி ஒன்றுமில்லை என்பதற்குச் சிறுகோடு போட்டார்கள். இங்கே ரூபாய், அணா, பை கணக்குக்கும் அதே மாதிரி சாய்கோடு போட்டு எழுதினார்கள். 1957 ஏப்ரலில் நாணயம் தசமத்துக்கு மாறியதும் அதன் வேலை போய்விட்டது. செக்கில் தொகைக்குப் பின்னால் வேறு இலக்கம் சேர்க்க முடியாமல் அடைப்பதற்கு இன்றும் உதவும், அங்கே வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்குள் வேண்டாம். "500.50/-" என்று எழுதுவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது, காசு இருக்கிறது என்று சொல்லிவிட்டு உடனே இல்லை என்று சொல்வது அது. கோலனோடு கோடு சேர்ப்பது பழைய பிரிட்டிஷ் அச்சு வழக்கம். கோலன் மட்டும் போதும். 'டூ', 'ஃப்ரம்' பக்கத்தில் எதுவும் வேண்டாம். பட்டங்களுக்கு நடுவில் கமாவும் இடைவெளியும் வரட்டும், கடைசிப் பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுத் தடம் கொஞ்சம் நுணுக்கமானது. பிரெஞ்சில் கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, கோலன், செமிகோலன் நான்குக்கும் முன்னால் ஒரு சிறு இடைவெளி விடுவார்கள். ஆங்கிலத்தில் இந்த நான்கும் முந்தைய சொல்லை ஒட்டியே நிற்கும், இடைவெளி பின்னால்தான். பிரெஞ்சு மேற்கோள்குறி இரட்டை அம்பு மாதிரி, «இப்படி». எண்ணிலும் கவனம் வேண்டும்: பிரெஞ்சில் தசமத்துக்குக் கமா. பழைய பத்திரத்தில் "1.250,75" என்று இருந்தால் அது நமக்கு 1,250.75. புள்ளியை அப்படியே தசமமாக வாசித்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது ஒன்றேகாலாகிவிடும். வெளிநாட்டுக்குப் போகும் ஆங்கிலக் காகிதத்தில் நம் 12,34,567 என்ற லட்சக் கமாவும் குழப்பும். அங்கே 1,234,567 என்று எழுதி, தொகையை எழுத்திலும் போடுங்கள்.

பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் அடிக்கிற கம்ப்யூட்டரில் வேர்ட் மென்பொருள் தானாகவே பிரெஞ்சு இடைவெளியைச் சேர்க்கும். பத்தியின் மொழி பிரெஞ்சு என்று அமைந்திருப்பதுதான் காரணம். முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பகுதியில் மொழியை இங்கிலீஷ் என்று மாற்றுங்கள். ஏற்கெனவே விழுந்த இடைவெளிகள் அதனால் போகாது. அவை சாதாரண ஸ்பேஸ் அல்ல, வரி உடையாத ஸ்பேஸ். அதனால் ஸ்பேஸ் பார் தட்டித் தேடினால் சிக்காமல் போகலாம். ஃபைண்ட் கட்டத்தில் ஆறாம் எண் சாவி மேல் இருக்கும் கூரைக்குறியையும், ஒட்டியே சின்ன எஸ்ஸையும், அதன் பின் கேள்விக்குறியையும் அடித்து, மாற்றுக் கட்டத்தில் வெறும் கேள்விக்குறி கொடுங்கள். வைல்ட்கார்ட் டிக் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேள்விக்குறிக்கு வேறு பொருள் ஆகிவிடும். கோலன், செமிகோலன், ஆச்சரியக்குறிக்கும் தனித்தனியே ஒருமுறை.

கோலனுக்கு முன்னால் நிற்பது முழு வாக்கியமாக இருக்கட்டும். ஹைஃபன் சொல்லைச் சேர்க்கும், இருபுறமும் இடைவெளியில்லாமல்; டேஷ் வாக்கியத்தை வெட்டும், அதைவிட நீளம். மூன்று புள்ளி என்றால் மூன்றுதான், ஏழு அல்ல.

சரிபார்க்கும்போது எல்லாக் குறிகளையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், கண் தமிழ்ப் பழக்கத்தில் தாவிவிடும். ஒரு சுற்று கமாக்களுக்கு மட்டும், கை மறைத்துப் பார்க்கும் சோதனையோடு. ஒரு சுற்று ஜோடிகளுக்கு: திறந்த கமா, அடைப்பு, மேற்கோள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று. அபாஸ்ட்ரஃபியை ஃபைண்ட் போட்டு ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஆண்டைச் சுருக்கி ’98 என்று எழுதியிருந்தால் அதையும் கவனியுங்கள். வேர்ட் அதைத் திறக்கும் மேற்கோள் என்று நினைத்து எதிர்ப்பக்கம் வளைத்துவிடும். குறியை இரண்டு முறை அடித்து, முதலாவதை அழித்துவிட்டால் சரியான வளைவு நிற்கும்.